பனி உருகும் நாள்: தூந்திராவில் புள்ளும் பொழுதும்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ, சிலாங்கூர் மாநிலத்தின் கோலா சிலாங்கூர், சரவாக்கின் பாக்கோ–புந்தால் விரிகுடா ஆகிய இடங்களின் சேற்றுக்கரைகளில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் மார்ச்சு வரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் கூட்டங்கூட்டமாக இரை தேடுகின்றன. ஏப்ரலில் அவற்றுள் சிலவற்றின் தோற்றம் மாறத் தொடங்குகிறது. மங்கிய பொன்பழுப்பாக இருந்த பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலும் வயிற்றிலும் கருமை படர்கிறது. மே மாதத்தில் கரை ஏறத்தாழ வெறிச்சோடிவிடுகிறது. அப்பறவைகளுள் பல எங்கே சென்றன, சென்ற இடத்தில் எத்தகைய வானிலை அவற்றை எதிர்கொண்டது என்னும் வினாக்களுக்கு விடை வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலைச் சூழ்ந்து கிடக்கும் தூந்திராச் சமவெளியில் இருக்கிறது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து வாழும் புள், விலங்கு, மரம் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது. ஐந்திணை வகுத்தோர் உறைபனி நிலத்தை அறிந்தவர் அல்லர். ஆயினும் முதற்பொருளை அறிந்த பின்னரே கருப்பொருளை அறிய முடியும் என்னும் அவ்வரிசை, தூந்திராவை அறிய விரும்பும் நமக்கு நல்லதொரு வழிகாட்டியாகும். எனவே முதலில் நிலத்தையும், அடுத்துப் பொழுதையும், பின்னர்ப் புள்ளையும் காண்போம்.

நிலம்

'தூந்திரா' என்னும் சொல், வட ஐரோப்பாவின் சாமி மக்கள் மரமற்ற மேட்டுநிலத்தைக் குறிக்க வழங்கிய சொல்லிலிருந்து ரஷ்ய மொழி வழியாக உலக மொழிகளுக்கு வந்தது. மரம் இல்லாமை அந்நிலத்தின் முதல் அடையாளம். அதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று. மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் இருக்கிறது. இதனை நிலைத்த உறைநிலம் என்கிறோம். ஆழமாக வேர் விட இடமில்லாத நிலத்தில் பாசிகளும் புற்களும் கணுக்கால் உயர வில்லோச் செடிகளுமே வாழ முடிகிறது.

அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2016ஆம் ஆண்டு வரை 'பாரோ' என்னும் பெயரால் அறியப்பட்ட இவ்வூர், வட அகலக்கோடு 71 பாகையில், இனுப்பியாட் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் கடற்கரையில் அமைந்துள்ளது. பனி ஆந்தைகளை வேட்டையாடும் இடம் என்னும் பொருளுடைய 'உக்பியாக்விக்' என்னும் பெயரும் இவ்வூருக்கு உண்டு. பறவையால் பெயர் பெற்ற ஊர் என்பதே அந்நிலத்தில் மனிதருக்கும் புள்ளுக்கும் உள்ள உறவைக் காட்டும். இங்கு உறைநிலம் ஏறத்தாழ 400 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. கோடையில் இளகும் மேற்பகுதியோ பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைவு.

இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 150 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. சிங்கப்பூரிலோ ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அளவை மட்டும் நோக்கினால் தூந்திரா ஒரு பாலை எனலாம். ஆனால் கோடையில் அங்குக் கால் வைக்கும் இடமெல்லாம் நீர். உருகிய பனி கீழே இறங்க உறைநிலம் இடங்கொடுப்பதில்லை. குளிர்ந்த காற்று அதனை விரைந்து ஆவியாக்குவதும் இல்லை. மண்ணில் செங்குத்தாக வளர்ந்த பனிக்கட்டி ஆப்புகள் நிலத்தைப் பல்கோண வடிவங்களாகப் பிரிக்கின்றன. அவற்றின் நடுவே குட்டைகளும் ஓரங்களில் சற்றே உயர்ந்த வரப்புகளும் அமைகின்றன. நம் வயல்களைப் போலத் தோன்றும் இவ்வமைப்பு பறவைகளுக்குப் பெரிதும் உதவுகிறது. உலர்ந்த வரப்பில் கூடு அமைக்கலாம். சில அடிகள் நடந்தால் குட்டையில் இரை கிடைக்கும்.

பொழுது

உட்கியாக்விக்கில் மே மாத இரண்டாம் வாரத்தில் எழும் ஞாயிறு ஆகஸ்டுத் தொடக்கம் வரை மறைவதில்லை. சூன் 21ஆம் நாளையொட்டி, நண்பகலில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் நிற்கும்; நள்ளிரவிலும் 5 பாகைக்குச் சற்றே குறைந்த உயரத்தில் வடக்கே நிற்கும். மாலை, யாமம், வைகறை என நாம் பகுத்த சிறுபொழுதுகள் அங்கு இருளால் வேறுபடுவதில்லை. ஆயினும் ஞாயிறு தாழும்போது குளிர் மிகுகிறது. லாப்லாந்து லாங்ஸ்பர் என்னும் சிட்டு, இருளே இல்லாத நிலையிலும் நள்ளிரவையொட்டிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கிறது. பெக்டோரல் சேண்ட்பைப்பர் என்னும் உள்ளானின் ஆண்களோ வேறு வழியைக் கொண்டுள்ளன. இவ்வூரில் நடந்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, சில ஆண் பறவைகள் 19 நாள்கள் வரை தம் நேரத்தில் 95 விழுக்காட்டை விழித்தே கழித்ததையும், மிகக் குறைவாக உறங்கியவையே மிகுதியான குஞ்சுகளுக்குத் தந்தையானதையும் காட்டியது.

ஒளி மிகுந்தாலும் வெப்பம் மிகுவதில்லை. ஆண்டிலேயே வெப்பமான சூலையின் சராசரி வெப்பநிலை 5 பாகை செல்சியசை ஒட்டியதே. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பனியின் வெண்மை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி நீங்கிய கரிய தரையோ 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திருப்புகிறது. ஆகவே ஓரிடத்தில் தரை தெரியத் தொடங்கியதும் அவ்விடம் வெப்பத்தை ஈர்த்துத் தன்னைச் சுற்றியுள்ள பனியையும் உருக்குகிறது. மாதக்கணக்கில் அசையாதிருந்த பனிப்போர்வை ஓரிரு வாரங்களில் மறைந்துவிடுவது இதனால்தான். இரண்டாவது, அருகிலுள்ள கடல். சூனில் கடல் இன்னும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். நிலத்தின் வெதுவெதுப்பான காற்று அதன்மேல் படியும்போது மூடுபனி உண்டாகிறது. காற்று கடலிலிருந்து திரும்பினால் அம்மூடுபனி கரையை மறைத்துவிடும். கரையில் குளிர் நடுக்கும் அதே நேரத்தில் சில கிலோமீட்டர் உள்நிலத்தில் இதமான வெயில் அடிப்பதும் உண்டு.

இங்கு வானத்தையே ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம். முகிலின் அடிப்பகுதி தொலைவில் வெளுத்துத் தோன்றினால் அதன்கீழ்ப் பனிக்கட்டி உள்ளது. கருத்துத் தோன்றினால் திறந்த நீர் உள்ளது. மாறாக, கண்ணை ஏமாற்றும் காட்சிகளும் உண்டு. குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று படிந்திருக்கும்போது தொலைவிலுள்ள பனிக்கட்டிகள் மதில்களைப் போல உயர்ந்து தோன்றும். அளவு ஒப்பிட மரமோ வீடோ இல்லாத சமவெளியில் தொலைவையும் உருவையும் கண்ணளவால் மதிப்பிடுவது எளிதன்று.

புள்

பறவைகள் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. ஸ்னோ பன்டிங் என்னும் வெண்ணிறச் சிட்டின் ஆண்கள், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கக்கூடிய ஏப்ரலிலேயே வந்து நல்ல கூட்டிடங்களைக் கைப்பற்றுகின்றன. கரைப்பறவைகளாகிய உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் வருகின்றன.

இவ்வாறு வரும் கரைப்பறவைக்கு முன்னுள்ள சிக்கலைக் கருதிப் பார்ப்போம். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த அதன் உடலில் கொழுப்பு பெரும்பாலும் கரைந்திருக்கும். முட்டைக்கான சத்தினை அது தெற்கிலிருந்து சுமந்து வந்திருக்கும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. முட்டையிலும் குஞ்சின் இறகிலும் உள்ள கரிம அணுக்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அதனை மறுத்தது. கரைப்பறவைகளின் முட்டைகள் தூந்திராவில் உண்ட இரையிலிருந்தே உருவாகின்றன. ஆகவே தரை தெரிந்தாக வேண்டும். தரையில் புழு பூச்சி கிடைத்தாக வேண்டும். பனி உருகும் நாள் சில நாள்கள் தள்ளிப்போனால், பசித்த பறவை சில நாள்கள் காத்திருக்க நேர்கிறது.

காத்திருக்கும் நாள்களோ விலை மிக்கவை. பெரும்பாலான உள்ளான்கள் நான்கு முட்டைகள் இட்டு ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கின்றன. குஞ்சுகள் பொரித்த ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு வெளியேறித் தாமே இரை தேடுகின்றன. பெற்றோர் அவற்றுக்கு ஊட்டுவதில்லை. குளிரில் தம் சிறகடியில் வைத்துக் காப்பதோடு சரி. நூலாம்படைக்கால் ஈக்களும் சிறு கொசுவினங்களும் குட்டைகளிலிருந்தும் ஈரமண்ணிலிருந்தும் பெருந்திரளாக வெளிப்படும் சில வாரங்கள்தாம் குஞ்சுகளுக்கு விருந்துக்காலம். குளிரும் மழையும் வீசும் நாளில் பூச்சிகள் அசைவதில்லை. குஞ்சும் தாயின் சிறகடியை விட்டு நகர முடிவதில்லை. இரையும் குறைந்து, தேடும் நேரமும் குறைந்துவிடும் அந்நாள் குஞ்சுக்கு இரட்டை இழப்பாகிறது. சூலையிலும் பனி பெய்யக்கூடிய நிலத்தில் இது அரிய நிகழ்ச்சி அன்று.

வானிலையோடு மற்றொரு காரணியையும் சேர்த்து எண்ண வேண்டும். லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பின்னர்ச் சட்டெனச் சரிகிறது. அவை மிகுந்த ஆண்டில் பனி ஆந்தைகள் கூடு கட்டுகின்றன. ஆர்க்டிக் நரிகளும் வயிறார உண்கின்றன. அவை அருகிய ஆண்டில் அதே நரிகள் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் நாடுகின்றன. ஆகவே வெயில் நன்றாக அடித்த கோடையும் குஞ்சுகளுக்குக் கேடாக முடியலாம்.

நோக்கும் முறை

தூந்திராவில் புள்ளையும் பொழுதையும் சேர்த்து நோக்கும் வழக்கம் புதிதன்று. 1881 முதல் 1883 வரை அனைத்துலகத் துருவ ஆண்டுத் திட்டத்தின் பகுதியாக அமெரிக்கக் குழு ஒன்று பாரோ முனையில் தங்கிக் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் பதிந்தது. அக்குழுவிலிருந்த இயற்கையியலார் ஜான் மர்டாக் அங்கு வந்த பறவைகளைப் பதிவு செய்தார். 1973ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தேசியக் கடல், வளிமண்டல நிருவாகத்தின் ஆய்வு நிலையம் அங்கு இடையறாது இயங்கி வருகிறது. அப்பகுதியில் பனி உருகும் நாள் பல பத்தாண்டுகளில் முன்னோக்கி நகர்ந்துள்ளதை நாம் உறுதியாகக் கூற முடிவது இத்தகைய நெடும்பதிவுகளால்தான்.

ஆய்வாளர் செய்யும் வேலை எளிய கருவிகளால் ஆனது. பொறுமையையே மிகுதியாகக் கேட்பது. நிலையான ஒரு பாதையில் குறித்த இடங்களில் நின்று, தரையில் எத்தனை விழுக்காடு பனி உள்ளது என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுவர். இருவர் ஒரு நீண்ட கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துத் தரையில் உரசியவாறு நடப்பர். கயிறு அருகில் வரும்போது அடைகாக்கும் பறவை எழுந்து பறக்கக் கூடு வெளிப்படும். முட்டை இட்டு எத்தனை நாளாயிற்று என்பதை அறிய அதனை நீரில் இடுவர். புது முட்டை அடியில் படுக்கும். கரு வளர வளர உள்ளிருக்கும் காற்றறை பெரிதாகி முட்டை நிமிர்ந்து, இறுதியில் மிதக்கும். தரையில் புதைத்த சிறு கிண்ணங்களில் விழும் பூச்சிகளை எண்ணி, அவை பெருகும் நாளை அறிவர்.

அளவிடும் இடமும் கருதத்தக்கது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குஞ்சின் முதுகோ தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான். வெயில் நாளில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும். புல்லிடுக்கில் காற்றின் வேகமும் குறையும். ஆகவே நிலையத்தின் எண்ணையே பறவை உணரும் வானிலை எனக் கொள்வது தவறு. கூட்டில் சிறு வெப்ப உணரிகளை வைப்பது இவ்வேறுபாட்டை அறியவும், பறவை கூட்டில் இருந்த நேரத்தைக் கணக்கிடவும் உதவுகிறது.

நோக்குவோர் பறவைக்குத் தீங்காகிவிடலாகாது. கூட்டின் அடையாளக்குச்சியைக் கூட்டருகே நடாமல் சில மீட்டர் தள்ளி நடுவர். நரி அக்குறியைக் கற்றுக்கொண்டுவிடும். கடுங்காற்றும் மழையும் உள்ள நேரத்தில் கூட்டை அணுகாமல் விட்டுவிடுவர்; பறவை எழுந்த சில நிமிடங்களில் முட்டை குளிர்ந்துவிடும்.

பொருந்தாத காலக்கணக்கு

பனி முன்னதாக உருகுவது பறவைகளுக்கு நன்மைதானே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அது நியாயமான வினா. அதற்கு இரண்டு நெடும்பதிவுகள் விடை தருகின்றன.

முதலாவது, உட்கியாக்விக்குக்குக் கிழக்கே உள்ள கூப்பர் தீவில் கிடைத்தது. அங்குக் கருங்கில்லிமாட் என்னும் கடற்பறவையை 1975ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் டிவோக்கி என்னும் ஆய்வாளர் ஒவ்வொரு கோடையிலும் நோக்கி வந்துள்ளார். பொந்துகளில் கூடு கட்டும் அப்பறவைக்குப் பனியற்ற நாள்கள் ஏறத்தாழ 80 தேவை. கோடை நீண்டபோது முதலில் அது பயனடைந்தது. 1980களின் இறுதியில் அத்தீவில் 200 இணைகளுக்கு மேல் இருந்தன. பின்னர் வெப்பம் மேலும் ஏறியது. கடற்பனி கரையை விட்டு விலகிச் சென்றது. பனிக்கட்டியின் அடியில் வாழும் ஆர்க்டிக் காட் மீன் எட்டாத் தொலைவுக்குப் போனது. பசித்த பனிக்கரடிகள் தீவுக்கு வரத் தொடங்கின. இணைகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. இரண்டே ஆண்டுகள் நோக்கியிருந்தால் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒருபோதும் தெரிந்திரா.

இரண்டாவது, சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தைச் சார்ந்தது. ரெட் நாட் என்னும் உள்ளானினம் அங்குக் கூடு கட்டி, மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தானியக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 33 ஆண்டுகளில் தைமிரில் பனி உருகும் நாள் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நாள் வீதம் முன்னேறியது. பூச்சிகள் பெருகும் நாளும் முன்னேறியது. குஞ்சுகள் பொரிக்கும் நாளோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் சிறுத்த உடலோடும் குறுகிய அலகோடும் வளர்ந்தன. அந்தக் குறுகிய அலகின் விளைவு தூந்திராவில் தெரியவில்லை. வெப்பமண்டலக் கரையில் தெரிந்தது. அங்கு மணலுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும் சிப்பிகளை நீண்ட அலகுடைய பறவைகள் எடுத்தன. குறுகிய அலகுடையவற்றுக்கு அவை எட்டவில்லை. எட்டாதவற்றுள் உயிர் பிழைத்தவை குறைவு.

இச்செய்தி நம்மையும் தொடுகிறது. நம் கரையில் இருக்கும் பறவை, தூந்திராவில் இவ்வாண்டு பனி எப்போது உருகும் என்பதை அறிய வழியில்லை. அது பெரும்பாலும் பகற்பொழுதின் நீளத்தையும் தன் உடலின் உள்ளார்ந்த ஆண்டுக் கணக்கையும் நம்பிப் புறப்படுகிறது. அக்கணக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அமைந்தது. பனியோ சில பத்தாண்டுகளில் தன் நாளை மாற்றிக்கொண்டுவிட்டது. வழியில் இறங்கி உண்ண வேண்டிய மஞ்சள் கடலின் சேற்றுநிலங்களும் அரை நூற்றாண்டில் மூன்றில் இரண்டு பங்கு வரை அழிந்துள்ளன. ஆகவே முன்னதாக வந்து சேர விரும்பும் பறவைக்கும் அதற்கான எரிபொருள் எளிதில் கிடைப்பதில்லை. கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையைப் பயன்படுத்தும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளுள் நம் கரைக்கு வருபவையும் அடங்கும்.

நம் கரையில் நாம் செய்யக்கூடியது

தூந்திராவுக்குச் செல்லும் வாய்ப்பு நம் மாணவர்களுள் மிகச் சிலருக்கே வாய்க்கும். எனினும் தூந்திராவின் சூன் மாதம் நம் கரைக்குச் செப்டம்பரில் வந்து சேர்கிறது. கரைப்பறவைகளுள் முதிர்ந்தவை பெரும்பாலும் முதலில் திரும்புகின்றன. அவ்வாண்டு பிறந்த இளையவை சில வாரங்கள் கழித்து, வழிகாட்டப் பெற்றோர் இன்றியே வந்து சேர்கின்றன. முதிர்ந்தவற்றின் இறகுகள் தேய்ந்தும் நிறம் கலந்தும் இருக்கும். இளையவற்றின் இறகுகளோ புத்தம் புதியவை; ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் வெளிறிய கோடு ஒழுங்காக ஓடுவதால் முதுகு மீன்செதிலைப் போலத் தோன்றும். தைமிரில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளானில் இவ்வேறுபாடு நன்கு தெரியும்.

ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை இளையவை என்று எண்ணினால், அக்கோடையில் தூந்திரா எத்தனை குஞ்சுகளை வளர்த்து அனுப்பியது என்பதன் குறிப்பு கிடைக்கும். வளைமூக்கு உள்ளானில் இவ்வெண்ணிக்கை லெம்மிங்கின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். ஆகவே ஒரே ஆண்டின் எண்ணைக் கொண்டு பனியையோ வெப்பத்தையோ காரணம் காட்டலாகாது. பல ஆண்டுகள், அதே கரையில், அதே முறையில் எண்ண வேண்டும்.

பள்ளிகளில் இதனைத் தொடங்குவது அரிதன்று. ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஆகிய மூன்றும் போதும். நாள், நேரம், நீர்மட்டம், காற்றின் திசை, மழை ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். அதன் பின்னரே பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். ஐயமானதை ஐயம் என்றே குறிக்க வேண்டும். பறவை வராத நாளையும் தவறாமல் பதிய வேண்டும். 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இத்தகைய எளிய பதிவுகளாலேயே வளர்ந்தது. ஒரு வகுப்பு தொடங்கும் குறிப்பேட்டை அடுத்த வகுப்பு ஏற்று நடத்துமாறு ஆசிரியர்கள் ஒழுங்கு செய்தால், பத்தாண்டுகளில் அப்பள்ளியிடம் வேறெங்கும் கிடைக்காத ஒரு பதிவு இருக்கும். தூந்திராவில் பனி உருகிய நாளை எழுதிவைத்திருப்போர் அதனைத் தம் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது பயன்படும்.